சம்பந்தி கொடுத்த வாக்கு

அந்தப் பெட்டி ஓடுகிறதா? சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடுகிறது என்றுதானே பொருள்? நல்லது. அப்படியானால் முதலில் ஒன்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. மற்ற செய்திகளை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். இதை என்னைத் தவிர வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

என் பெயர் சௌந்தரவல்லி அம்பலவாணன். பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவள். நீங்கள் புத்தகம் எழுதப்போகும் மேஜர் எமில் என் மகன் குற்றாலநாதனின் மாமனார். அதாவது எனக்குச் சம்பந்தி. இந்தச் சொல்லை இன்றைக்கும் நான் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் உச்சரிக்கிறேன். உங்கள் சம்பந்தியைத் தமிழ்நாட்டின் அத்தனை சினிமாக் கொட்டகைகளிலும் ஜனங்கள் காறித் துப்பினால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

எமில் லேவி என்பது முழுப்பெயர். ஊர் வியன்னா. யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் கப்பலில் சென்னைக்கு வந்திறங்கினார். யூதர். அங்கே ஜெர்மானியர் பிடியில் இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று வந்தவர். இங்கே வெள்ளையர் அரசு அவரை எதிரி நாட்டவர் என்று சொல்லி முள்கம்பி வேலிக்குள் வைத்தது. யாரிடமிருந்து தப்பி வந்தாரோ, அவர்களுடைய ஆள் என்றே அவரையும் எண்ணினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். வெளியில் வந்த மனிதர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? யுத்தப் பிரசாரத்துக்காக அரசாங்கம் எடுக்கச் சொன்ன தமிழ்ப் படத்தில் ஜெர்மன் ஒற்றனாக நடித்தார்! தன்னைத் துரத்தியவர்களின் சீருடையைத் தானே மாட்டிக்கொண்டார். சுயமரியாதை உள்ளவர் செய்கிற வேலையா அது? சுதந்திரம் வந்ததும் சீருடை மாறியது. ஆங்கிலேய மேஜர், ஆங்கிலேய கர்னல், இடையில் ஒரு போர்த்துக்கீசியத் தளபதி. எல்லாப் படத்திலும் போர். எல்லாப் படத்திலும் நம்முடைய ஆட்களைச் சவுக்கால் அடிப்பார், தூக்கில் போடுவார், கடைசியில் கதாநாயகன் கையால் சாவார். அவர் விழுந்த கணத்தில் கொட்டகை முழுவதும் விசில்.

படத்தில் "நீ துரோகி, நான் உன்னை சுட்டுப் போடுவான்" என்று பேசுவார். வீட்டுக்கு வந்தால், "சம்பந்தியம்மா, இந்த நார்த்தங்காய்க்கு வெயில் இன்னும் ரெண்டு நாள் வேணும் போலிருக்கே" என்பார். பிசிறில்லாத தமிழ். இரண்டில் எது நடிப்பு என்று நான் யோசித்ததுண்டு. திரையையும் வாழ்க்கையையும் குழப்பிக்கொள்கிற பாமரத்தனம் எனக்கில்லை. ஆனாலும் ஒரு மனிதன் இருபது வருடம் ஒரே பாவத்தைச் செய்துகாட்டினால், அதில் அவனுக்குக் கொஞ்சமாவது ருசி இருக்க வேண்டும் அல்லவா?

காபியைக் குடியுங்கள், ஆறிவிடும்.

ஹன்னா அவருடைய ஒரே மகள். தாயில்லாப் பெண்; சென்னைக்கு வந்த சில வருடங்களிலேயே தாய் காய்ச்சலில் போய்விட்டாள். வேப்பேரியில் அப்பாவும் பெண்ணுமாக இருந்தார்கள். சட்டக் கல்லூரியில் என் மகன் அவளைப் பார்த்தான். மற்றது உங்களுக்குத் தெரியாததல்ல. என் கணவர், "பொண்ணு நல்ல பொண்ணு, விடேன்" என்றார். விட்டேன். பதிவுத் திருமணம், மாலையில் வரவேற்பு. அதற்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த என் கணவரின் மாமா, மண்டபத்தின் நடுவில் நின்றுகொண்டு சம்பந்தியிடம் கேட்டார்: "என்ன வே, இதுவரை எத்தனை பேரத் தூக்குல ஏத்தியிருப்பீரு?"

"ஞாபகமில்லீங்க மாமா. ஆனா ஒவ்வொரு தடவையும் கடைசில என்னையும் அனுப்பி வச்சிடறாங்க."

மாமா சிரித்துச் சிரித்து வெற்றிலைச் சாற்றைத் தன் சட்டையிலேயே சிந்திக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. பெண் வீட்டார் பக்கம் போட்டிருந்த நாற்காலிகள் அத்தனையும் காலி. ஸ்டூடியோ மேக்கப் ஆள் ஒருவர், தையற்காரர் ஒருவர், அவ்வளவுதான். சொந்தத்தில் ஒரு முகம் கிடையாது. "உங்கள் பக்கத்தில் யாருமே வரவில்லையே?" என்று நேராகவே கேட்டேன்.

"அவங்கள்லாம் வர்ற நிலைமையில இல்லீங்க" என்றார்.

வர முடியாவிட்டால் ஒரு தந்தி கொடுக்கக் கூடாதா? அண்ணன் தம்பி இல்லாத மனிதரா? இருந்தார்கள் என்று ஹன்னாவே சொல்லியிருக்கிறாள், மூன்று பேர். ஒருவருக்குக்கூட ஒரு வாழ்த்துச் சொல்லத் தோன்றவில்லை. நான் ஆண்டுதோறும் ஐரோப்பியப் போரின் காரணங்களையும் விளைவுகளையும் வகுப்பில் நடத்தியவள். அந்த மக்களின் குடும்பப் பற்று எவ்வளவு குறைவு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்கவந்தது அவருடைய கடைசிப் படத்தைப் பற்றி. நான் சொல்லவந்தது அந்த வாக்கைப் பற்றி. இரண்டும் ஒன்றுதான்.

ஹன்னா உண்டானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடை நிறைய மாதுளம்பழத்தோடு அவர் வந்தார். வேட்டி கட்டியிருந்தார். அதைக் கால் தடுக்காமல் கட்ட யாரோ நன்றாகப் பழக்கியிருந்தார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "சம்பந்தியம்மா, தலைப் பிரசவம் பொண்ணோட அப்பா வீட்லதானே பார்ப்பாங்க? வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ண நான் அழைச்சிட்டுப் போகலாமா?" என்று கேட்டார்.

எங்கள் வழக்கத்தை எனக்கே எடுத்துச் சொல்கிறார்! ஸ்டூடியோவில் தலை சீவிவிடும் பெண்களிடம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்தாயிற்றாம். செட்டு போடும் தச்சர்கள், ஏதோ படத்துக்குச் செய்த கோட்டைக் கதவின் தேக்கில் ஒரு தொட்டில் செய்து கொடுத்திருக்கிறார்களாம். அதே தெருவில் இருக்கும் நர்ஸம்மா உடன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டு அனுமதி கேட்கிற மனிதரை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். மறுப்பதற்கு எனக்கு நியாயமில்லை. ஆகவே ஒரு நிபந்தனை விதித்தேன். எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. அதை உங்கள் பெட்டி கேட்கும்படி சொல்கிறேன். ஆனால் கர்ப்பிணி இருக்கும் குடும்பத்தில் சில ஒழுங்குகள் உண்டு. வயிற்றில் குழந்தையோடு ஒரு பெண் இங்கே இருக்க, அவளைப் பெற்றவர் அங்கே நெஞ்சில் குண்டு பாய்ந்து, வாயில் ரத்தம் ஒழுகச் சாய்ந்து கிடக்கலாமா? அது விளையாட்டாகவே இருக்கட்டும். ஊரார் பார்த்துக் கைதட்டலாமா?

"குழந்தை பிறக்கும் வரையில் நீங்கள் சாகக் கூடாது" என்றேன். "ஒரு படத்திலும் கூடாது. செத்தால் பெண் இங்கேயே இருப்பாள்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கைகூப்பினார். "வாக்குக் கொடுக்கிறேன் சம்பந்தியம்மா. சாகாம இருக்கறதுல எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு."

எப்போதும் இப்படித்தான். எதைச் சொன்னாலும் ஒரு வேடிக்கை.

அந்த மாதங்களில் அவர் அலைந்ததை என் மகன் வந்து வந்து சொல்வான். டைரக்டர் டைரக்டராகப் போய், "என்னைக் கைது பண்ணுங்க. நாடு கடத்துங்க. ஒரு கால எடுத்துடுங்க, ஆனா கொல்லாதீங்க" என்று கேட்டிருக்கிறார். யார் ஒப்புக்கொள்வார்கள்? மேஜர் எமில் சாகாமல் படம் முடிந்தால் ஜனங்கள் நாற்காலியை உடைத்துவிடுவார்கள். இரண்டு படம் கைநழுவியது. இன்னொன்றில் அவருடைய வேஷத்தை, முகத்தில் வெள்ளை பூசி ஒரு திருச்சிக்காரருக்குக் கொடுத்தார்கள். "பாவம்மா அவர்" என்றான் என் மகன். பாவம் என்ன? வாக்கு என்றால் வாக்கு. கடைசியில் சிங்காரவேலு என்றொரு டைரக்டர் மட்டும் இரக்கப்பட்டு, மேஜரைச் சங்கிலியால் பிணைத்து இழுத்துப்போவதோடு முடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முறுக்கு சுற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள். புதன்கிழமை, வளையல்காரம்மா சாமான்களை இறக்கி வைத்துக்கொண்டே சொல்கிறாள்: "எம் மருமவன் ஸ்டூடியோவுல லைட்டு தூக்குறான்மா. இன்னிக்கு ஒங்க சம்பந்திய சுடுறாங்களாமே? படத்த வாங்குறவங்க பாத்துட்டு, மேஜரு சாவலேன்னா எடுத்துக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்களாம்."

நான் எழுந்தேன். குடையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

உங்களுக்கு இந்தத் துறைப் பழக்கங்கள் தெரிந்திருக்கும். படத்தில் செத்தவர் செத்தபடியே வீட்டுக்குப் போகக் கூடாது. காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து நன்றாகச் சிரிக்க வேண்டும். அதற்கென்று தனியாகக் கொஞ்சம் பிலிம் ஓடவிடுவார்கள். சிரிக்கிற ஷாட் என்று பெயர். அதன்பிறகு பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். மற்ற நடிகர்கள் ஏதோ பல்லைக் காட்டிவிட்டுப் போவார்களாம். இவருடையதைப் பார்ப்பதற்கென்றே மற்ற தளங்களிலிருந்து ஆட்கள் ஓடிவருவார்களாம். பிணமாகக் கிடந்தவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பார். தன் சட்டையிலுள்ள குண்டு ஓட்டையில் விரலை விட்டுப் பார்ப்பார். தொப்பியைத் தேடி எடுத்துத் தனக்குத் தானே சல்யூட் அடித்துக்கொள்வார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிப்பார். வியன்னாவில் அவருக்கு அதுதான் தொழிலாம். மேடையில் ஜனங்களைச் சிரிக்க வைப்பது. சிங்காரவேலுதான் பிற்பாடு சொன்னார். எனக்கு அதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் செய்ததில் மாற்றம் இருந்திருக்காது.

ஸ்டூடியோவுக்குள் போனேன். அட்டைக் கோட்டை. அதன் படிக்கட்டின் கீழே அவர் மல்லாந்து கிடந்தார். சீருடை முழுவதும் சிவப்புச் சாயம். கண் திறந்தபடி இருந்தது. கண் சிமிட்டாமல் அவ்வளவு நேரம் கிடக்க முடியும் என்று நான் எண்ணியதே இல்லை. "கட்" என்றார்கள். எல்லோரும் அவரைச் சுற்றி வட்டமாக நெருங்கினார்கள், ஏற்கெனவே சிரித்த முகத்தோடு. கேமராவைத் திருப்பினார்கள். அப்போதுதான் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"எழுந்திருங்கள்!" என்றேன்.

எழுந்தார். ஒரு மாணவியைப் போல எழுந்து நின்றார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். நிதானம் தவறவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. கொடுத்த வாக்கு என்ன, செய்திருக்கும் காரியம் என்ன, வேரில்லாதவர்களிடம் பெண்ணெடுத்தால் என்ன நேரும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "உங்களுக்கு ஒரு தந்தி அடிக்கக்கூட உலகத்தில் ஓர் ஆள் இல்லை. உங்களை நம்பி ஒரு பிரசவத்தை நான் எப்படி ஒப்படைப்பேன்? பெண் வரமாட்டாள். வளைகாப்புக்கு நீங்கள் வரலாம். வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்."

சிங்காரவேலு கும்பிட்டபடி நடுவில் வந்தார். "அம்மா, தப்பு எம்மேல. அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. இந்தப் படம் விக்கலேன்னா நூறு குடும்பம் தெருவுக்கு வந்துடும்னு நாந்தான் கால்ல விழுந்தேன். அந்த ஒரு ஷாட்ட மட்டும் எடுத்துக்கறோம். அப்புறம் எவ்வளவு வேணா திட்டுங்க."

"எந்த ஷாட்?"

"சிரிக்கிற ஷாட்டும்மா. அவரு சிரிச்சாத்தான் வீட்டுக்கு அனுப்பணும்."

"சிரிப்பதற்கு இங்கே என்ன நடந்துவிட்டது?" என்று கேட்டேன். ஆனால் குறுக்கே நிற்கவில்லை. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். "தாராளமாகச் சிரிக்கட்டும்" என்றுகூடச் சொன்னேன்.

கேமரா ஓடியது. அவர் படியில் உட்கார்ந்தார். சட்டை ஓட்டையில் விரலை விட்டார். வாயைத் திறந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மறுபடி கேமராவைப் பார்த்தார். உதடு விரிந்தது, மூடிக்கொண்டது. யாரோ பின்னாலிருந்து, "தொரே, தொப்பி! தொப்பிய எடு தொரே!" என்று கத்தினார்கள். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே தடவிக்கொண்டிருந்தார். இருபது வருடம் செய்த காரியம். ஒருமுறை செய்ய வரவில்லை. அந்த மனிதரின் திறமை அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை தொலைபேசி மணி அடித்தது. எடுத்தவள் நான். சிங்காரவேலு அழுதுகொண்டே பேசினார். சம்பந்தி விழாவுக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு, வாசல் நாற்காலியில் கார் வரக் காத்திருந்தாராம். கார் வந்து ஒலிப்பானை அடித்தபோது எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு என்றார் மருத்துவர்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? கூடத்தில் அறுபது பெண்கள். ஹன்னாவை மனையில் உட்காரவைத்து, சந்தனம் பூசியாகிவிட்டது. நல்ல நேரம் நடந்துகொண்டிருந்தது. ரிசீவரை வைத்துவிட்டு வந்து, முதல் வளையலை நான்தான் போட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அத்தை, அப்பா வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

"வழியில் இருப்பார்" என்றேன்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்து, கடைசித் தாம்பூலமும் கொடுத்தபிறகுதான் சொன்னேன். கத்தினாள். கை நிறையக் கண்ணாடி வளையல். சுவரில் அடித்துக்கொண்டதில் பாதி உடைந்தது. போகவேண்டும் என்றாள். நிறைமாதக் கர்ப்பிணி பிணத்தைப் பார்ப்பதா? எங்கள் குடும்பத்தில் அது கிடையாது. நான் வாசற்கதவை மூடி, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் மகன் கெஞ்சினான். என் கணவர், "வல்லி, வேண்டாம்" என்றார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான். நான் அசையவில்லை. கடைசியில் அவர்கள் இருவர் மட்டும் பின்வாசல் வழியாகப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். பிரார்த்தனைக்கு அவர்கள் முறைப்படி பத்து ஆண்கள் வேண்டுமாம்; சென்னையில் அவருடைய மதத்தார் பத்துப் பேர் அகப்படவில்லை. ஸ்டூடியோவிலிருந்து துணை நடிகர்கள் வந்து நின்றார்களாம், வேலை நடுவில் வந்ததால் வெள்ளைக்காரச் சிப்பாய் உடையிலேயே. சாவிலும் வேஷம்தான் அந்த மனிதருக்கு.

இப்போது சொல்லுங்கள். குழந்தை பிறக்கும் வரை என்று கைகூப்பி வாக்குக் கொடுத்தவர். இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரம் பொறுக்கக் கூடாதா? ஸ்டூடியோவில் செத்தது போதாதென்று... இரண்டு முறை வாக்குத் தவறினார். நான் திட்டினேன் என்பதற்காக ஒரு மனிதர் இப்படிப் பழிவாங்குவாரா?

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பேரன்தான். இப்போது அவனுக்கே குழந்தைகள் இருக்கின்றன. ஹன்னா என் வீட்டில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தாள். அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு சொல், ஒரே ஒரு சொல் பேசியதில்லை. எங்களுக்குள் மனத்தாங்கல் ஏதும் கிடையாது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

படம் வெளிவந்தபோது நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு வரலாற்று ஆசிரியை எதையும் நேரில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அவர் படியில் உருண்டு விழுந்ததும் கொட்டகை அதிர்ந்தது. விசில், கைதட்டல். எனக்குப் பக்கத்தில் இருந்தவன், "சாவுடா நாயே!" என்று கத்தினான். நான் எழுந்து நின்றேன். "வாயை மூடுங்கள்! எல்லோரும் வாயை மூடுங்கள்! அவர் போய்விட்டார்!" என்றேன். விளக்கைப் போட்டுவிட்டார்கள். இரண்டு ஆட்கள் வந்து என்னை வெளியில் அழைத்துப்போனார்கள். வேறொன்றுமில்லை. பொது இடத்தில் அத்தனை கூச்சல் எனக்குப் பிடிக்காது.

நீங்கள் அவருடைய புகைப்படம் ஒன்று கேட்டிருந்தீர்கள். நடிக்காத முகத்தோடு ஒன்றுகூட இல்லை என்று ஹன்னா சொல்லியிருப்பாள். அது சரியல்ல. சிங்காரவேலு அந்தச் சிரிக்கிற ஷாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பெரிதுபடுத்தி, அவளுக்கென்று இந்த வீட்டுக்கு அனுப்பினார். உறையைப் பிரித்தவள் நான். கர்ப்பிணியிடம் காட்டக்கூடியதல்ல, அப்போது கொடுக்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அப்போதும் கொடுக்கவில்லை. அப்புறம் கொடுப்பதற்குத் தகுந்த சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

இதோ. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடியில் தொப்பி. முகத்தைப் பாருங்கள், சிரிக்கப்போகிறவர் போலத்தானே இருக்கிறது? இன்னும் ஒரு நொடி கொடுத்திருந்தால் சிரித்திருப்பார். நானும் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், சிரிக்கப்போகிறவர் போலத்தான் இருக்கிறது.

உங்கள் புத்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஹன்னா அதில் பார்த்துக்கொள்வாள். ஒன்றே ஒன்று செய்யுங்கள். வலப்பக்க ஓரத்தில், அவர் பார்க்கிற திசையில், ஒரு புடவைக் கரையும் குடையின் நுனியும் தெரிகிறதல்லவா?

அதை வெட்டிவிடுங்கள்.